போய் வருகிறேன் என்னும் சொல்

1956ஆம் ஆண்டு. அலாஸ்கா அன்று அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஒரு மாநிலமாகக்கூட ஆகியிருக்கவில்லை. அதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்தப் பனிநிலத்தின் உட்பகுதியில், கிளென்னாலன் என்னும் சிற்றூருக்கு அருகே, இயேசு சபைத் துறவியரும் புனித அன்னாள் சபைச் சகோதரியரும் காப்பர் வேலி பள்ளி என்ற உறைவிடப் பள்ளியை நடத்தத் தொடங்கினர். பூர்வகுடியினரின் பிள்ளைகளும் மற்றவர்களின் பிள்ளைகளும் அங்கே ஒரே கூரையின்கீழ்த் தங்கிப் படித்தனர். பள்ளி எழுந்துவிட்டது, ஆனால் பாடம் சொல்லவும் சமைக்கவும் பிள்ளைகளைப் பேணவும் கைகள் போதவில்லை. ஆகவே கல்லூரிப் படிப்பை முடித்து வெளிவந்த இளம் பட்டதாரிகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது: உங்கள் வாழ்வில் ஓராண்டைத் தாருங்கள், ஊதியம் கிடையாது, உணவும் உறைவிடமும் சிறு கைச்செலவும் உண்டு.

இளைஞர்கள் வந்தனர். நல்ல வேலைகள் காத்திருந்த காலம் அது. நாட்டின் செல்வம் பெருகிக்கொண்டிருந்த அந்நாளில், பட்டம் பெற்ற கையோடு பனிக்காட்டுப் பள்ளி ஒன்றுக்குச் சென்று அடுப்படியில் நிற்பதை உலகம் அறிவுடைமை என்று சொல்லியிராது. அவர்களை அங்கு அழைத்துச் சென்றது விசுவாசம். இந்தச் சிறு தொடக்கத்திலிருந்து வளர்ந்ததே இயேசு சபைத் தன்னார்வத் தொண்டர் இயக்கம். எளிமை, குழுவாழ்வு, ஆன்மிகம், சமூக நீதி என்னும் நான்கையும் அது தன் தூண்களாகக் கொண்டது. பிற்காலத்தில் அதன் தொண்டர்கள் தங்களைப் பற்றிப் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் சொல்லிக்கொண்ட ஒரு முழக்கம் உண்டு: தாங்கள் 'வாழ்நாள் முழுவதற்கும் பாழாய்ப் போனவர்கள்'. ஏழைகளோடு ஓராண்டு வாழ்ந்தவனால் பழைய சுகத்துக்குள் மீண்டும் நிம்மதியாய் நுழைய முடியாது என்பது அதன் பொருள்.

கேட்பதற்கு இனிக்கும் வரலாறு இது. ஆயினும் இதனுள்ளே ஓர் அறக்கேள்வி ஒளிந்திருக்கிறது. விரும்பினால் விட்டுச் செல்லக்கூடிய ஒருவர், விட்டுச் செல்லவே முடியாத மக்களிடையே ஓராண்டு செய்யும் பணி உண்மையில் யாருக்காகச் செய்யப்படுகிறது?

கொடுத்ததும் பெற்றதும்

ஓர் இளம் பட்டதாரிப் பெண்ணை நாம் மனத்தில் எண்ணிப் பார்ப்போம். ஆகஸ்டு மாதத்தில் அவள் பள்ளிக்கு வந்து சேருகிறாள். முதல் மூன்று மாதங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்வதிலும், தன் தவறுகளைத் திருத்திக்கொள்வதிலும் கழிகின்றன. கிறிஸ்துமஸ் காலத்தில் பிள்ளைகள் அவளிடம் மனம் திறக்கத் தொடங்குகின்றனர். வசந்தம் வருகிறது. அவள் நல்ல ஆசிரியையாக உருவெடுக்கும் அந்த நேரத்தில் ஆண்டு முடிந்துவிடுகிறது. கண்ணீரோடு விடைபெறுகிறாள். அடுத்த ஆகஸ்டில் இன்னொருத்தி வருகிறாள். அவளும் முதலிலிருந்து பெயர்களைக் கற்றுக்கொள்கிறாள்.

இதையே ஒரு குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள். நான்காவது ஆசிரியை விடைபெறும்போது அந்தக் குழந்தை என்ன கற்றிருக்கும்? கூட்டலும் கழித்தலும் கற்றிருக்கும். அத்தோடு, அன்பு காட்டுகிறவர்கள் ஜூன் மாதத்தில் போய்விடுவார்கள் என்பதையும் கற்றிருக்கும். ஐந்தாவது ஆசிரியைக்கு அது அவ்வளவு எளிதில் மனம் திறக்காது.

தொண்டாண்டு முடித்துத் திரும்புவோர் பெரும்பாலும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. 'நான் கொடுத்ததைவிடப் பெற்றுக்கொண்டதே அதிகம்' என்பார்கள். பணிவிலிருந்து பிறக்கும் சொல்தான், பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அதைச் சற்று நிதானித்து எண்ணினால் அச்சம் உண்டாகிறது. இருப்பவன் ஒருவன் இல்லாதவனிடம் சென்றான். தான் கொடுத்ததைவிட அதிகமாக அங்கிருந்து எடுத்துக்கொண்டு திரும்பினான். உலக வழக்கில் இதற்கு என்ன பெயர்? கொடை என்றா சொல்வோம்? அதிகமாகப் பெற்றவன் கடன்பட்டவன். நன்றி சொல்லிவிட்டால் மட்டும் கடன் தீர்ந்துவிடுவதில்லை.

குவெர்னவாகாவில் ஒலித்த குரல்

1968 ஏப்ரல் மாதத்தில் மெக்சிகோ நாட்டின் குவெர்னவாகா நகரில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஒரு கூட்டம் கூடினர். கோடை விடுமுறையில் மெக்சிகோவின் சிற்றூர்களுக்குச் சென்று தொண்டாற்ற வந்தவர்கள் அவர்கள். அவர்களிடையே பேச அழைக்கப்பட்டவர் இவான் இல்லிச். வியன்னாவில் பிறந்தவர், அந்நாளில் கத்தோலிக்கக் குரு. பாராட்டுரையை எதிர்பார்த்திருந்த இளைஞர்களிடம் அவர் நேருக்கு நேராகச் சொன்னதன் சாரம் இதுதான்: உங்கள் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை, ஆனால் நல்லெண்ணம் போதாது. இம்மக்களின் மொழி உங்களுக்குத் தெரியாது; நீங்கள் அவர்களுக்குச் செய்வது நன்மையா தீமையா என்று அவர்கள் உங்களிடம் சொல்லவும் வழியில்லை. பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், மலையேற வாருங்கள். உதவ மட்டும் வராதீர்கள். உதவியே தீருவதென்றால் உங்கள் நாட்டு ஏழைகளிடம் போங்கள். உங்களைப் பிடிக்கவில்லையென்றால் வெளியே போ என்று உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல அவர்களால் முடியும்.

கடுமையான சொற்கள்தாம். ஆயினும் அவற்றின் மையத்தில் ஒரு கூர்மையான அளவுகோல் உள்ளது. உதவி பெறுகிறவர் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? அப்படிச் சொல்ல முடியாத இடத்தில் நாம் செய்வது அன்புப் பணியாயிருந்தாலும், அதில் அதிகாரத்தின் நிழல் படிந்தே இருக்கும்.

அலாஸ்காவின் வரலாறே இதற்குச் சான்று பகர்கிறது. காப்பர் வேலி பள்ளி 1971இல் மூடப்பட்டது. அங்கே படித்தவர் பலர் அதை இன்றும் அன்போடு நினைவுகூர்கின்றனர் என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் அலாஸ்காவின் பூர்வகுடிப் பெற்றோரிடம், 'உங்கள் பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்ப விருப்பமா, அல்லது உங்கள் ஊரிலேயே ஒரு பள்ளி வேண்டுமா?' என்று யாரேனும் கேட்டிருந்தால் அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? விடை நீதிமன்றத்தின் வழியாக வந்தது. மாலி ஹூச் என்னும் பூர்வகுடி மாணவியின் பெயரால் அறியப்படும் வழக்கு 1972இல் மாநில அரசின்மேல் தொடுக்கப்பட்டது. உயர்நிலைக் கல்விக்காக வீட்டையும் ஊரையும் விட்டுப் பிரிய வேண்டிய நிலை ஏன் என்பதே அதன் கேள்வி. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 126 சிற்றூர்களில், ஊரார் விரும்பினால், உயர்நிலைக் கல்விக்கு வழி செய்ய அரசு ஒப்புக்கொண்டது. தங்களுக்கு வேண்டியது இன்னதென்று அம்மக்கள் தாங்களே வாய் திறந்து சொன்னார்கள். அவர்கள் கேட்டது, தங்கள் பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பக்கூடிய ஒரு பள்ளி.

இன்னொரு கசப்பான உண்மையையும் இங்கே மறைக்கலாகாது. அலாஸ்காவின் சிற்றூர்கள் பலவற்றில் திருப்பணியாளர் சிலரால் சிறார்க்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்காக, இயேசு சபையின் ஒரேகன் மாநிலம் 2007இல் 5 கோடி டாலர் இழப்பீடு தர இசைந்தது. நல்லெண்ணத்தோடு வந்த இளம் தொண்டர்களுக்கு இதில் பங்கில்லை. ஆனால் 'நாங்கள் நன்மை செய்ய வந்தோம்' என்ற நினைப்பே கண்ணை மறைக்கும் திரையாகிவிடக்கூடும் என்பதை இந்த வரலாறு நமக்குச் சொல்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி 1965இல் வெளியிட்ட ஏட்டின் 8ஆம் பிரிவு இந்த ஆபத்தை முன்னரே உணர்ந்திருந்தது. நீதியின்படி ஒருவருக்கு உரியதை அன்புக் கொடையென்று கொடுக்கலாகாது. துன்பத்தின் விளைவுகளை மட்டுமன்றி அதன் காரணங்களையும் அகற்ற வேண்டும். உதவி பெறுவோர் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து படிப்படியாக விடுபட வேண்டும் என்பன அதன் அறிவுரைகள். இந்த மூன்றையும் அளவுகோலாக வைத்தால் நம் அறப்பணிகளில் எத்தனை தேறும்?

சமாரியரும் ஓரிரவு மட்டுமே தங்கினார்

அப்படியானால் இளைஞர்களைப் போகாதே என்று தடுத்துவிடலாமா? இல்லிச் சொன்னது போல் வீட்டிலேயே இருந்துவிடுவது அறமாகுமா?

இந்தக் கேள்வியோடு நல்ல சமாரியர் உவமையை மீண்டும் வாசித்தபோது, பலமுறை கேட்டும் என் காதில் விழாத ஒரு செய்தி விழுந்தது. சமாரியர் அந்தக் காயமுற்ற மனிதரோடு எத்தனை நாள் தங்கினார்? ஓரிரவுதான். மறுநாள் அவர் புறப்பட்டுவிட்டார். அவருக்கும் பயணம் இருந்தது, அலுவல் இருந்தது. அவர் போனதை ஆண்டவர் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் எப்படிப் போனார்? தம் பணத்திலிருந்து இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்தார். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். இவரைக் கவனித்துக்கொள்ளும் என்று சொல்லி, அங்கேயே இருக்கப்போகும் ஒருவரின் பொறுப்பில் விட்டார். அதற்கு மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். எவ்வளவு ஆகும் என்று தெரியாத ஒரு தொகைக்குத் தம்மைத் தாமே கடனாளியாக்கிக் கொண்டார்.

போவது பிழையன்று. அந்த மனிதரின் பொறுப்பு யாருடையது என்று தீர்க்காமல் போவதும், தம்மைப் பிணைத்துக்கொள்ளாமல் போவதுமே பிழை.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் அறியவில்லை. பட்டப் படிப்பு முடித்த ஆண்டில், தொழுநோயாளர் இல்லம் ஒன்றில் சில மாதங்கள் பணியாற்றினேன். அங்கே ஒரு முதியவர் இருந்தார். விரல்கள் மழுங்கிப் போனவர், எழுத முடியாது. தம் தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். தங்கையிடமிருந்து எப்போதாவது பதில் வரும். அதை நான்கைந்து முறை படிக்கச் சொல்லிக் கேட்பார். நான் விடைபெற்ற நாளில் அவர் கட்டிலருகே நின்று, "போய் வருகிறேன், ஐயா" என்றேன். அவர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டுப் போறாங்க, தம்பி" என்றார்.

நான் மீண்டும் அங்கே போனபோது ஆறு ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தக் கட்டிலில் வேறொருவர் இருந்தார். ஆறாண்டுக் காலம் என் மனத்தை உறுத்தாத ஒரு கேள்வி அன்றுதான் உறுத்தியது: நான் போன அடுத்த மாதம் அவருக்குக் கடிதம் எழுதியது யார்? இந்த ஒரு சிறு வேலையை இல்லத்தில் இருந்த யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் தொண்டின் நிறைவில் மகிழ்ந்திருந்த நான், அந்தத் தங்கைக்குப் போகாத கடிதங்களை எண்ணிப் பார்க்கவில்லை. சமாரியர் செய்ததில் நான் செய்யாமல் விட்டது அதுதான். எண்ணெய் வார்த்தேன், சாவடிப் பொறுப்பாளரைத் தேடவில்லை.

சொல்லும் சத்தியமும்

தமிழர் மரபில் விடைபெறுகிறவர் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, அது அமங்கலம். 'போய் வருகிறேன்' என்றே சொல்வோம். நாவில் பழகிய நாகரிகச் சொல் அது. ஆனால் தொண்டு செய்த இடத்தில் நின்று அதைச் சொல்லும்போது அது நாகரிகத்தோடு நின்றுவிடுவதில்லை, ஒரு சத்தியமாகிவிடுகிறது. கேட்டவர் அதைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள உரிமை பெற்றுவிடுகிறார்.

எப்படித் திரும்புவது? ஒவ்வொருவரும் அதே ஊருக்கு, அதே கட்டிலருகே திரும்ப இயலாது. கடனைத் தீர்க்கப் பல வழிகள் உண்டு. கல்லூரி மாணவராயிருந்த ஒருவர் தொடங்கிய பணி இதற்கு ஒரு விளக்கம். 1833இல் பாரிசு மாநகரில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் மாணவர், தம் நண்பர் சிலரோடு ஏழைகளை அவர்களின் இல்லங்களிலேயே சென்று சந்திக்கத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. யாரைச் சந்திப்பது, எப்படிப் பேசுவது என்று அந்த இளைஞர்களுக்கு வழிகாட்டியவர், அப்பகுதி ஏழைகளிடையே பல்லாண்டு வாழ்ந்திருந்த அருட்சகோதரி ரோசலி ராந்து. இளைஞர்கள் தாங்களாகவே எல்லாம் அறிந்தவர்களாய்க் கிளம்பிவிடவில்லை. அங்கேயே இருந்தவரிடம் கேட்டுக் கற்றனர். ஓசானாம் துறவியாகவில்லை. மணம் புரிந்தார், தந்தையானார், சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1853இல், 40ஆம் வயதில் இறக்கும்வரை, ஏழையின் வீட்டுப் படியேறுவதை அவர் விடவில்லை. தொழிலாளரின் கூலி பற்றியும் நீதி பற்றியும் பேசுவதையும் விடவில்லை. 1997 ஆகஸ்டில், உலக இளையோர் நாளுக்காகப் பாரிசில் கூடியிருந்த இளைஞர்களிடையே, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தினார். அந்தச் சிறு மாணவர் குழுவே நம் பங்குகளில் ஞாயிறுதோறும் கூடும் வின்சென்ட் தே பால் சபையின் மூலம். வாரம் ஒருமுறை ஒரு வீட்டுக்குச் செல்வது. அடுத்த வாரமும் செல்வது. பேரொளி எதுவும் வீசாத இந்தத் தொடர்ச்சிதான் 'வருகிறேன்' என்ற சொல்லுக்கு உண்மையான பொருள்.

திரும்புவதற்கு இன்னொரு வழியும் உண்டு. 1973இல் ஸ்பெயின் நாட்டு வலென்சியா நகரில் இயேசு சபைக் கல்விக்கூடங்களின் பழைய மாணவர்கள் கூடியிருந்தபோது, சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே அடிகளார் ஒரு கேள்வி கேட்டார்: உங்களை நாங்கள் நீதிக்காக உருவாக்கினோமா? இல்லை என்று தாமே விடையும் சொன்னார். வசதியும் செல்வாக்கும் பெற்ற அந்தப் பழைய மாணவர்களில் சிலருக்கு அது கசந்தது. அவர் அவர்களைத் தொலைநாட்டுக்குத் தொண்டாற்றப் போகச் சொல்லவில்லை. தங்கள் அலுவலகத்திலும் தொழிலிலும் பிறருக்காக வாழும் மனிதராக இருக்கச் சொன்னார். ஓராண்டு குடிசையில் வாழ்ந்தவர் பின்னாளில் வழக்குரைஞராகலாம், அதிகாரியாகலாம், முதலாளியாகலாம். தம் முன் வரும் கோப்பில் அந்தக் குடிசை மக்களின் முகம் தெரிந்தால் அவர் திரும்பி வந்துவிட்டார். முகம் தெரியவில்லையெனில், அந்த ஓராண்டை அவர் ஏழைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும்.

நம் மொழியில் 'ஒப்புரவு' என்று ஓர் அரிய சொல் உண்டு. வள்ளுவரின் 22ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. உலகத்தோடு ஒன்றிப் பிறர்க்கு உதவி வாழும் கடமை அங்கே அதன் பொருள். திருச்சபையோ பாவ மன்னிப்பின் அருட்சாதனத்துக்கு அதே சொல்லைச் சூட்டியிருக்கிறது. முறிந்த உறவு மீண்டும் பொருந்துவது இங்கே அதன் பொருள். உதவியும் உறவுப் பொருத்தமும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலாயிருக்கலாம். ஆனால் தொண்டு செய்யப் போகும் இளைஞர் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டிய பொருத்தம் அது. உள்ளவர்க்கும் இல்லாதவர்க்கும் இடையே முறிந்து கிடக்கும் உறவைப் பொருத்துவதற்கே அவர் போகிறார். ஓராண்டில் பொருந்தாது, ஓராண்டில் தொடங்கலாம்.

வாசக நண்பர்களே, உங்கள் மகனோ மகளோ பட்டம் பெற்றுவிட்டு, 'வேலைக்குப் போகுமுன் ஓராண்டு ஏழைகளோடு இருந்துவிட்டு வருகிறேன்' என்று சொல்லக்கூடும். தடுக்காதீர்கள். இளமையின் ஓராண்டு இறைவனுக்குக் கொடுக்கத்தக்க காணிக்கைதான். ஆனால் அனுப்புமுன் சிலவற்றைக் கேளுங்கள். அங்கே உனக்கு வேலை சொல்லப் போகிறவர் யார், அம்மக்களா, நீயேயா? நீ செய்வது சரியில்லை என்று அவர்கள் உன்னிடம் சொல்ல முடியுமா? நீ வந்த பிறகு அந்த வேலையை யார் செய்வார்? இவற்றுக்கு விடை தேடிக்கொண்டு போகட்டும். விடை முழுதாய்க் கிடைக்கவில்லையென்றாலும், கேள்விகளை மறக்காமல் போகட்டும்.

ஆண்டு முடிந்து பிள்ளை வீடு திரும்பும்போது, பெட்டியை இறக்கி வைத்து, 'எல்லாம் முடிந்தது' என்று பெருமூச்சு விட்டால், அருகில் அமர்த்தி மெதுவாகச் சொல்லுங்கள்: அங்கிருந்து புறப்படும்போது நீ அவர்களிடம் என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? போய் வருகிறேன் என்றுதானே?